பூச்சுக்குள் ஜங்ஷன் பாக்ஸை மூடிவிடலாமா?

கேள்வி: பழைய வீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம். படுக்கையறையில் ஒரு சுவிட்ச் போர்டு இனித் தேவையில்லை என்று எடுத்துவிட்டோம். அதிலிருந்த வயர்களை அதே பெட்டிக்குள் இணைத்து, மூடி போட்டு, மேலே சிமெண்ட் பூசிவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். அந்த இடத்தில் சுவரோடு பொருத்திய அலமாரி வரப்போகிறது. கூடத்தில் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இரண்டு ஜங்ஷன் பாக்ஸ்கள் உள்ளன. அவற்றையும் உள்ளேயே விட்டுப் பலகை அடித்துவிடப் போகிறார்கள். குளியலறையில் வாட்டர் ஹீட்டருக்கான வயர் நீளம் போதவில்லை என்று நடுவில் ஒரு ஜாயிண்ட் போட்டிருக்கிறார். அது டைல்ஸுக்குப் பின்னால் போய்விடும். "முறுக்கி, டேப் சுற்றி, பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். பிரேக்கரும் இருக்கிறது. ஆயுளுக்கும் ஒன்றும் ஆகாது" என்கிறார். சுவரில் ஆங்காங்கே மூடித் தகடு தெரிவது வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. மூடிவிடலாமா?

பதில்: மூடக் கூடாது. மூன்றில் எதையும் இப்போதிருக்கும் நிலையில் மூட விடாதீர்கள். பூச்சு வேலையும் டைல்ஸ் வேலையும் இரண்டு நாள் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. முதலில் மின்வேலையைச் சரிசெய்யச் சொல்லுங்கள். இப்போது இது சில மணி நேர வேலை. சுவர் முடிந்த பிறகு இதே வேலைக்குச் சுவரை உடைக்க வேண்டியிருக்கும்.

வயர் இணைப்பு உள்ள பெட்டி எட்டக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். எந்த இடத்தை எட்டக்கூடிய இடம் என்று கொள்வது? நான் பார்க்கும் அளவு ஒன்றுதான். பெட்டியின் மூடியைத் திறக்க ஸ்க்ரூ டிரைவர் போதுமா, சுத்தியலும் உளியும் வேண்டுமா? திருகைக் கழற்றி, ஒரு தகட்டையோ கதவையோ விலக்கினால் பெட்டி தெரிகிறது என்றால் அது எட்டக்கூடிய இடம். பூச்சு, டைல்ஸ், ஒட்டிய பலகை என எதையாவது உடைத்தோ அறுத்தோதான் போக முடியும் என்றால் அங்கே ஜங்ஷன் பாக்ஸ் இருக்கக் கூடாது. தனியாக நிற்கும் பீரோவை நகர்த்திவிட்டு எட்ட முடிகிற பெட்டியில் தவறில்லை. சுவரோடு முடுக்கிய அலமாரியின் பின்பலகை அப்படியல்ல.

இது என் சொந்த விருப்பம் அன்று. சோதிப்பதற்கும் பராமரிப்பதற்கும் ஒவ்வோர் இணைப்பும் எட்டும்படி இருக்க வேண்டும் என்பது கட்டட வயரிங்குக்கான சர்வதேசத் தரநிலையான ஐஇசி 60364-இன் கொள்கை. அதை ஒட்டி எழுதப்பட்ட பிரிட்டனின் பிஎஸ் 7671-இல் இதற்கான விதியின் எண் 526.3. அமெரிக்காவின் தேசிய மின்விதித் தொகுப்பில் 314.29. கட்டடத்தின் எந்தப் பகுதியையும் அகற்றாமல் பெட்டிக்குள் இருக்கும் வயரிங்கை எட்ட முடிய வேண்டும் என்று அது சொல்கிறது. இந்த விதிகள் சில விலக்குகளைத் தருகின்றன. அவற்றைப் பிறகு சொல்கிறேன். நீங்கள் எழுதிய மூன்று இடங்களுக்கும் அவை பொருந்தா.

உங்கள் எலக்ட்ரீஷியன் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அவர் ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. பல இடங்களில் இப்படித்தான் வேலை நடக்கிறது. மூடியதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தொல்லை வரும் என்பதால், மூடியவர் அதைப் பார்ப்பதே இல்லை.

நல்ல தாமிர வயர், குழாய்க்குள், அதிகச் சுமை ஏற்றாமல் இருந்தால் பல பத்தாண்டுகள் இருக்கும். அதன் நீளத்தில் எந்த இடத்திலும் பழுதுவர அதிகக் காரணம் இல்லை. பழுது வரும் இடம் பெரும்பாலும் இணைப்புதான். சுமை ஏறும்போது இணைப்பு சூடாகி விரிகிறது, சுமை இறங்கும்போது சுருங்குகிறது. தினமும் பலமுறை இப்படி நடக்க, முறுக்கின் பிடி மெல்லத் தளர்கிறது. தளர்ந்த இடத்தில் காற்றுப் பட்டு ஆக்சைடு படிகிறது. தொடும் பரப்பு குறைகிறது, மின்தடை கூடுகிறது. தடை கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் பிடி இன்னும் தளரும்.

அமெரிக்காவில் 1965 முதல் 1973 வரை ஏராளமான வீடுகளுக்கு அலுமினிய வயர் போட்டார்கள். பின்னர் அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்காக ஓர் ஆய்வு நடந்தது. 1972-க்கு முன் தயாரான அலுமினிய வயர் உள்ள வீடுகளில், ஓர் இணைப்பாவது தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடாகும் வாய்ப்பு தாமிர வயர் வீடுகளைவிட 55 மடங்கு என்று அதில் தெரியவந்தது. அங்கேயும் சிக்கல் வயரின் நீளத்தில் இல்லை, முனைகளில்தான் இருந்தது. தாமிரம் அலுமினியத்தைவிட எவ்வளவோ மேலானது. ஆனாலும் இணைப்பு தளரும் விதம் தாமிரத்திலும் இதேதான், வேகம் மட்டும் குறைவு. உங்கள் பழைய வீட்டில் எங்காவது அலுமினிய வயர் இருந்து, அதைத் தாமிரத்தோடு நேராக முறுக்கியிருந்தால் அதை இன்றே பிரித்துவிடச் சொல்லுங்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 3 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 13 ஆம்பியர் எடுக்கும். நல்ல இணைப்பின் தடை ஒரு மில்லிஓம் அளவில் இருந்தால், அதில் உண்டாகும் வெப்பம் 0.17 வாட். கையில் உணரக்கூட முடியாது. அந்த இணைப்பு தளர்ந்து தடை 0.1 ஓம் ஆனால் வெப்பம் 17 வாட் ஆகிவிடும். அது மின்னணுப் பலகையில் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சிறிய சால்டரிங் அயர்னின் திறன். அந்த அயர்னைப் பற்றவைத்து, காற்றுப் போகாத பெட்டிக்குள் வைத்து, மேலே சிமெண்ட் பூசியிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். சாதாரண பிவிசி வயரின் உறை தொடர்ந்து தாங்கக்கூடிய வெப்பநிலை 70 டிகிரி செல்சியஸ்தான்.

பிரேக்கர் இருக்கிறதே என்பது பலருக்கும் உள்ள நம்பிக்கை. பிரேக்கர் பார்ப்பது மின்னோட்டம் அளவை மீறுகிறதா என்பதை மட்டும். தளர்ந்த இணைப்பில் மின்னோட்டம் கூடுவதில்லை. தடை கூடுவதால் மிகச் சிறிது குறையவே செய்கிறது. மேலே சொன்ன கணக்கில் மின்னழுத்த இழப்பு 1.3 வோல்ட்தான், ஹீட்டரில் தண்ணீர் வழக்கம்போலச் சூடாகும், யாருக்கும் சந்தேகம் வராது. மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் இதைக் கண்டுகொள்ளாது. போன மின்னோட்டம் முழுதும் திரும்பி வருகிறது, கசிவு இல்லை. தீப்பொறி பறப்பதை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் ஏஎஃப்டிடி என்ற கருவிகள் இப்போது கிடைக்கின்றன. அவை நல்லவை, வைக்க முடிந்தால் வையுங்கள். ஆனால் பொறி பறக்காமல் செந்தணலாக ஒளிரும் தளர்ந்த இணைப்பை அவையும் தவறவிடக்கூடும். பெட்டியை மூட அவற்றைக் காரணம் காட்ட முடியாது.

ஃபேஸ் அல்லது நியூட்ரல் ஜாயிண்ட் தளர்ந்தால் விளக்கு மினுக்கும், ஹீட்டர் நிற்கும், ஏதாவது ஓர் அறிகுறி காலம் தாழ்த்தியாவது வரும். எர்த் வயரின் ஜாயிண்ட் விட்டுப்போனால் எதுவுமே தெரியாது. எல்லாக் கருவிகளும் வழக்கம்போல வேலை செய்யும். என்றைக்காவது ஹீட்டருக்குள் பழுது வந்து அதன் உலோக உடலில் மின்சாரம் ஏறும்போதுதான் எர்த் இல்லாதது தெரியவரும், அதுவும் அதைத் தொட்டவருக்கு. மறைத்த பெட்டிகளில் நான் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். உங்கள் ஹீட்டர் வயரில் போட்ட ஜாயிண்டில் எர்த்தையும் நடுவில் வெட்டி முறுக்கியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். கேட்டுப் பாருங்கள்.

சிமெண்ட் எரியாது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் உங்கள் சுவரின் முன்னால் நிற்கப்போவது மரப்பலகை அலமாரியும் அதற்குள் துணிகளும். பூச்சுக்கு எரியும் தன்மை இல்லையென்றாலும் ஈரம் இழுக்கும் தன்மை உண்டு. புதுப் பூச்சின் நீர் பெட்டியின் துளைகள் வழியே உள்ளே இறங்கும். முறுக்கிய வயரும் டேப்பும் அந்த ஈரத்தில் பல நாள் இருக்கும். டேப்பின் பசை காலப்போக்கில் இளகியோ உலர்ந்தோ சுற்று விட்டுவிடும். மூடியைத் திறக்க முடிந்தால் அதை மாற்றலாம்.

இனி உங்கள் மூன்று இடங்கள். ஹீட்டரிலிருந்து தொடங்குகிறேன், மூன்றில் அதுதான் மோசமானது. அதிகச் சுமை, நீண்ட நேர ஓட்டம், ஈரமான சுவர் மூன்றும் அங்கே சேர்ந்திருக்கின்றன. டைல்ஸ் இடுக்கில் நிரப்பும் பூச்சு தண்ணீரை முழுக்கத் தடுப்பதில்லை. குளியல் தொட்டி, ஷவர் ஆகியவற்றைச் சுற்றி எங்கே என்ன மின்பொருள் வைக்கலாம் என்பதற்கே ஐஇசி 60364-இல் 701 என்ற தனிப் பிரிவு இருக்கிறது. இங்கே ஜாயிண்டை நல்லதாக்குவது பற்றிப் பேசவே வேண்டாம், ஜாயிண்டே வேண்டாம். வயர் குழாய்க்குள் போகிறது என்றால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பழைய வயரின் முனையில் புதிய வயரைக் கட்டி, பழையதை இழுத்தால் புதியது உள்ளே வந்துவிடும். பிரேக்கர்கள் இருக்கும் விநியோகப் பெட்டியிலிருந்து ஹீட்டரின் சுவிட்ச் வரை, அங்கிருந்து ஹீட்டரின் முனை வரை, ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் நடுவில் வெட்டில்லாமல் வர வேண்டும். ஏற்கெனவே இருக்கும் வயரின் தடிமனுக்குக் குறையவும் கூடாது. வயர் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். குழாய் அடைபட்டு வயர் வரவில்லை என்றால், ஜாயிண்டைக் குளியலறைக்கு வெளியே, ஈரம் படாத சுவரில், திறக்கக்கூடிய தகட்டுக்குப் பின்னால் கொண்டுவாருங்கள். அங்கிருந்து ஹீட்டருக்குப் புதுக்குழாய் போட டைல்ஸ் ஒட்டாத இந்த நேரமே சரியான நேரம்.

படுக்கையறைப் பெட்டிக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. அதற்கு முந்தைய பெட்டி வரை வயரை உருவிவிட்டு, அங்கிருந்து அடுத்த இடத்துக்கு நேராக ஒரே வயரை இழுத்துவிடலாம். அப்போது நடுவில் உள்ள பெட்டியில் வயர் வெட்டின்றிக் கடந்துபோகும், இணைப்பே இருக்காது. அப்படிப்பட்ட பெட்டியையும் நான் முழுக்க மூட மாட்டேன். நாளைக்கு வயர் மாற்ற வேண்டுமென்றால் இழுக்க அந்த இடம் கைகொடுக்கும். பல விதிகள் அதையும் எட்டும்படி வைக்கச் சொல்கின்றன. அடுத்த வழி, பெட்டியின் வாய் பூச்சின் மட்டத்துக்கு வரும்படி வைத்து, மேலே வெற்றுத் தகடு திருகிவிடுவது. அலமாரியின் பின்பலகையில் அந்த அளவுக்கு ஒரு சதுரம் வெட்டித் திறப்பு வைக்கச் சொல்லுங்கள். துணி தொங்கும் பகுதிக்குள் அது யார் கண்ணிலும் படாது.

மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. அந்தப் பெட்டியை வெறும் ஜங்ஷனாக விடாமல் பயனுள்ள ஒரு முனையாக மாற்றிவிடுங்கள். அலமாரிக்குள் விளக்குக்கு ஒரு சுவிட்ச் வைக்கலாம், பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்ட் வைக்கலாம். வயர்கள் அந்தச் சுவிட்சின் பின்னாலேயே முறையாக இணைந்துவிடும், சுவிட்ச் தகடே மூடியாகிவிடும். தகடு தெரிவது பிடிக்கவில்லை என்ற உங்கள் வீட்டாரின் குறையும் தீரும். தேவையற்ற தகடுதான் கண்ணை உறுத்துகிறது, சுவிட்சை யாரும் குறை சொல்வதில்லை. இப்போது எடுத்துவிட்ட சுவிட்ச் போர்டை முழுதாக நீக்காமல், சிறியதாக்கி வைத்திருந்தாலே இந்தக் கேள்வி எழுந்திருக்காது.

ஃபால்ஸ் சீலிங்கில், கையால் தூக்கி எடுக்கக்கூடிய சதுரப் பலகைகள் என்றால் மேலே பெட்டி இருக்கலாம். விதிகள் அதை ஏற்கின்றன. உங்களுடையது இடைவெளி தெரியாமல் அடித்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடிக்கும் ஜிப்சம் பலகை. அதை அறுக்காமல் மேலே போக முடியாது. எனவே இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து, அவற்றின் கீழே ஒரே ஒரு திறப்புக் கதவு வைத்துவிடுங்கள். கதவு, பெட்டியைத் தொடும் அளவுக்கு மட்டும் இருந்தால் போதாது. ஏணியில் நிற்பவர் இரண்டு கைகளையும் தலையையும் உள்ளே நுழைத்து, பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். 45 சென்டிமீட்டர் சதுரம் இருந்தால் நிம்மதி. பலகையோடு ஒரே மட்டமாகப் பொருந்தி, அதே பெயின்டில் மறைந்துபோகும் கதவுகள் கிடைக்கின்றன.

சிலர், ஸ்பாட் லைட்டின் துளை வழியே பெட்டியை எடுத்துவிடலாமே என்பார்கள். பெட்டி அந்தத் துளைக்குள் நுழையும் அளவு சிறியதாக இருந்து, வயரில் போதிய தளர்வு விட்டு, லைட்டைக் கழற்றியதும் பெட்டியைக் கீழே இழுத்துத் திறக்க முடிந்தால் அதை நான் ஏற்பேன். துளைக்குள் கைவிட்டுத் தடவிப் பார்க்கத்தான் முடியும் என்றால் ஏற்க மாட்டேன். அதைவிட நல்ல வேலை, அந்தப் பெட்டிகளே தேவையில்லாமல் செய்வது. ஒரு லைட்டின் கனெக்டரிலிருந்து அடுத்த லைட்டின் கனெக்டருக்கு வயரை எடுத்துச் சென்றால் ஒவ்வோர் இணைப்பும் ஒரு லைட்டின் துளையிலேயே இருக்கும். எப்படிச் செய்தாலும், பெட்டியை மேல்கூரையிலோ சட்டத்திலோ திருகி நிறுத்த வேண்டும். ஜிப்சம் பலகையின் மேல் சும்மா கிடக்கக் கூடாது. பெட்டியே இல்லாமல் டேப் சுற்றித் தொங்கவிட்ட ஜாயிண்டுகள் மேலே இருக்கின்றனவா என்று, பலகை அடிக்கும் முன் நீங்களே டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் நான் அதிகம் காண்பது அவற்றைத்தான்.

விலக்குகள் என்று சொன்னேனே, அவை இவை. மண்ணுக்குள் புதைக்கவே வடிவமைத்து, பிசின் ஊற்றி முழுதும் உறைய வைத்த கேபிள் ஜாயிண்டுகள். தரைக்கடியில் வெப்பமூட்டும் கேபிளோடு அதன் முனை வயர் சேரும் இடம். பற்றவைத்தோ, உரிய கருவியால் நசுக்கியோ செய்த நிரந்தர இணைப்புகள். பிரிட்டன் விதி இன்னொன்றையும் ஏற்கிறது. பராமரிப்புத் தேவையற்றது என்று பிஎஸ் 5733-இன்படி சோதித்து, வட்டத்துக்குள் எம்எஃப் என்ற குறி போட்ட பெட்டிகள் அவை. திருகுக்குப் பதில் ஸ்பிரிங் பிடிப்பதால் பிடி தளர்வதில்லை. ஸ்பிரிங் கனெக்டர் வாங்கிப் போட்டுவிட்டேன், மூடிவிடலாம் என்று யாராவது சொன்னால் கவனமாக இருங்கள். கனெக்டர் மட்டும் போதாது. அதற்கென்ற பெட்டி, கேபிளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப், தயாரிப்பாளர் சொன்ன வயர் அளவு எல்லாம் சேர்ந்தால்தான் அந்தக் குறி செல்லும். சில கனெக்டர்களுக்கு இப்படி மறைத்து வைக்கும்போது ஆம்பியர் அளவையும் குறைத்தே தருகிறார்கள். அமெரிக்க விதி, ஏற்கெனவே கட்டிய வீடுகளில் ஒருவகைக் கேபிளைப் பழுதுபார்க்க, அதற்கென்று சான்று பெற்ற இணைப்பான்களை மட்டும் மறைவாக வைக்க விடுகிறது. முறுக்கி டேப் சுற்றியதை எந்த விதியும் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. உங்கள் நாட்டின் விதி எந்த விலக்கை ஏற்கிறது என்பதை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் கேட்டுத்தான் அதைப் பயன்படுத்த வேண்டும். நானாக இருந்தால், வேறு வழியே இல்லாத இடத்தில்தான் அதைத் தொடுவேன்.

திறக்கக்கூடிய பெட்டிக்குள்ளும் ஜாயிண்டை முறுக்கி டேப் சுற்றி விடாதீர்கள். ஸ்பிரிங் கனெக்டரோ நல்ல திருகுக் கனெக்டரோ போடச் சொல்லுங்கள். பல இழைகள் கொண்ட வயரைத் திருகுக்குள் வைப்பதானால் முனையில் சிறு உலோகக் குழல் மாட்டி நசுக்கிவிட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இழைகள் நசுங்கிச் சில அறுந்துபோகும்.

வீடு பழையது என்கிறீர்கள். முன்பு யாரோ மூடிய பெட்டிகளும் இருக்கலாம். சுவர்கள் திறந்திருக்கும் இப்போதே அதையும் பார்த்துவிடுங்கள். குறைந்த தடையை அளக்கும் மீட்டர் இருந்தால் எளிது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஒரு வயரின் இரு முனைகளுக்கும் இடையே தடையை அளக்க வேண்டும். 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர் மீட்டருக்கு ஏறக்குறைய 7.5 முதல் 8 மில்லிஓம். 20 மீட்டர் நீளத்துக்கு 0.15 அல்லது 0.16 ஓம் வர வேண்டும். 0.3 காட்டினால் நடுவில் எங்கோ கெட்ட ஜாயிண்ட் இருக்கிறது, அல்லது யாரோ மெல்லிய வயரைச் சேர்த்திருக்கிறார்கள். எர்த் வயருக்கும் இதைத் தவறாமல் செய்யச் சொல்லுங்கள். 500 வோல்ட்டில் செய்யும் இன்சுலேஷன் சோதனையும் தேவைதான், ஆனால் அது உறையின் நலத்தைச் சொல்லும், ஜாயிண்டின் தளர்வைச் சொல்லாது. வெப்பக் கேமராவில் பார்ப்பதானால் ஹீட்டர், ஏசி போன்ற சுமைகளை அரைமணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள். சூடான புள்ளி தெரிந்தால் அங்கே தோண்டலாம். தெரியாவிட்டால் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிட முடியாது, பூச்சு அதை மறைத்துவிடும்.

சுமை ஏறும்போது மட்டும் விளக்கு மங்குவது, சுவரில் ஓரிடம் வெதுவெதுப்பாக இருப்பது, அங்கே பெயின்ட் நிறம் மாறுவது, கருகல் வாசமோ மீன் நாற்றம் போன்ற வாசமோ வந்து போவது, சுவருக்குள் சடசடவென்று ஒலி கேட்பது, இவற்றில் எது நேர்ந்தாலும் அந்தச் சுற்றின் பிரேக்கரை உடனே இறக்கிவிடுங்கள். சரிபார்க்கும்வரை ஏற்றாதீர்கள்.

பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும், குழாயும் பெட்டியும் தெரியும்படி, பக்கத்தில் அளவு நாடா பிடித்துப் படம் எடுத்து வையுங்கள். அதே படத்தை எலக்ட்ரீஷியனிடமும் கொடுங்கள். ஹீட்டர் வயரை மாற்றி இழுத்தபின் விநியோகப் பெட்டியிலிருந்து ஹீட்டர் முனை வரை எர்த்தின் தடையை உங்கள் முன்னாலேயே அளந்து காட்டச் சொல்லிவிட்டு, டைல்ஸ்காரரை வரச் சொல்லலாம்.